எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை: கையெழுத்துப் போடும் முன்

(நமது சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நான் மருத்துவர் இல்லை. வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். யாராவது கேட்டால் மெடிக்ளெய்ம் படிவம் நிரப்பித் தருவேன், அவ்வளவுதான். சமீபத்தில் மூன்று வீடுகளிலிருந்து ஒரே கேள்வி வந்தது: "சார், எடையைக் குறைக்க ஆபரேஷன் பண்ணிக்கச் சொல்றாங்க. இன்சூரன்ஸ் கிடைக்குமா?" மூவருமே குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார்கள். பித்தப்பைக் கல் ஆபரேஷனுக்கு யாரும் குரலைத் தாழ்த்துவதில்லை. அதனால்தான் செயலாளரிடம் கேட்டு இந்தப் பத்து நிமிடத்தை வாங்கினேன்.

இது அழகுக்காகச் செய்வதில்லை. கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்ஷன் வேறு, இது வேறு. "வாயைக் கட்டினால் போதுமே" என்று சொல்வது சுலபம். தீவிர உடல் பருமன் உள்ளவர் பட்டினி கிடந்து எடையைக் குறைத்தால், உடம்பு பசியைக் கூட்டி, செலவழிக்கும் சக்தியைக் குறைத்து, பழைய எடைக்கே இழுக்கும். மன உறுதி இல்லாததால் வருவதில்லை இது. சுவீடனில் 1987-ல் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வில், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடையே இறப்பு விகிதம், செய்துகொள்ளாதவர்களைவிடக் குறைவாக இருந்தது. 2007-ல் அந்த முடிவு வெளியானது.

இனி, என்னென்ன முறைகள் உள்ளன என்று பார்ப்போம். பெரும்பாலும் லேப்ராஸ்கோப்பி முறையில், சிறு துளைகள் வழியாகவே செய்கிறார்கள்.

ஒன்று, ஸ்லீவ். இரைப்பையில் 75 முதல் 80 சதவீதத்தை வெட்டி எடுத்துவிட்டு, மீதியை வாழைப்பழம் போன்ற குழாயாக விடுவார்கள். பசியைத் தூண்டும் ஹார்மோன் அதிகம் சுரக்கும் பகுதியும் போய்விடுவதால் பசி குறையும். ஆனால் எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு அது அதிகமாகலாம்.

இரண்டு, பைபாஸ். 1966-ல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் தொடங்கிவைத்த முறையின் வழிவந்தது. இரைப்பையின் மேல்பகுதியில் சுமார் 30 மி.லி. கொள்ளும் சிறு பையை மட்டும் பிரித்து, சிறுகுடலோடு இணைப்பார்கள். சர்க்கரை நோயும் நெஞ்செரிச்சலும் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் இதைச் சொல்கிறார்கள். இனிப்பு சாப்பிட்டால் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வரலாம். சில வகை வலி மாத்திரைகள் புண் உண்டாக்கும் என்பதால் தவிர்க்க வேண்டும்.

மூன்று, மினி பைபாஸ். இரண்டு இணைப்புக்குப் பதில் ஒரே இணைப்பு. நேரம் குறையும், சத்துக் குறைபாட்டைக் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரைப்பையைச் சுற்றிப் பட்டை போடும் முறை இப்போது பெரும்பாலும் வழக்கொழிந்துவிட்டது. பலூன் என்பது அறுவை சிகிச்சையே இல்லை. பெரும்பாலும் ஆறு மாதத்தில் எடுத்துவிடுவார்கள். பலருக்கு எடை திரும்புகிறது. ஊசி மருந்துகளும் வந்துவிட்டன. மவுன்ஜாரோ 2025 மார்ச்சிலும், வெகோவி அதே ஆண்டு ஜூனிலும் இந்தியாவுக்கு வந்தன. ஊசியை நிறுத்தினால் பெரும்பாலோருக்கு எடை ஏறுகிறது. உங்களுக்கு எது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

இப்போது என் துறைக்கு வருகிறேன். எடையை கிலோவில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் பி.எம்.ஐ. வரும். 160 செ.மீ. உயரமுள்ளவருக்கு 35 என்பது சுமார் 90 கிலோ. 40 என்பது சுமார் 102 கிலோ.

2022-ல் சர்வதேச அறுவை மருத்துவர் சங்கங்கள், பி.எம்.ஐ. 35 இருந்தாலே, வேறு நோய் இல்லாவிட்டாலும், அறுவை சிகிச்சையைப் பரிந்துரைக்கலாம் என்றன. ஆசியர்களுக்கு அளவு இன்னும் குறைவு. ஆனால் இன்சூரன்ஸ் கணக்கு வேறு. ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2019-ல் வகுத்த பொது விதிப்படி, வயது 18 நிறைந்திருக்க வேண்டும், மருத்துவர் பரிந்துரை வேண்டும், பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 35 அல்லது அதற்கு மேல் என்றால், மற்ற முயற்சிகள் பலிக்காமல் போயிருக்க வேண்டும். கூடவே பருமனால் வந்த இதயத் தசை நோய், இதய ரத்தக்குழாய் நோய், தீவிரமான தூக்க மூச்சுத்திணறல், மருந்துக்குக் கட்டுப்படாத சர்க்கரை ஆகியவற்றில் ஒன்று இருக்க வேண்டும். இல்லையென்றால் நிறுவனம் மறுக்கலாம்.

160 செ.மீ. உயரம், 95 கிலோ, மூட்டு வலி, ரத்த அழுத்தம் உள்ள ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். பி.எம்.ஐ. 37. டாக்டர் "செய்யலாம்" என்பார். ஆனால் மூட்டு வலியும் ரத்த அழுத்தமும் அந்தப் பட்டியலில் இல்லை. டாக்டர் சொன்னதை நம்பி, பணம் வந்துவிடும் என்று அட்மிட் ஆனால் முழுத் தொகையும் கையிலிருந்து போகும். ஆகவே பாலிசியின் விலக்குப் பகுதியைப் படியுங்கள். காத்திருப்புக் காலம் முடிந்ததா என்று பாருங்கள். தூக்கப் பரிசோதனை, மூன்று மாதச் சர்க்கரை அளவு, உணவு ஆலோசகரிடம் போன சீட்டு எல்லாவற்றையும் கோப்பில் வையுங்கள். முன் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்.

வங்கி மொழியில் சொன்னால், அறுவை சிகிச்சை வெறும் முன்பணம். தவணை வாழ்நாள் முழுவதும் உண்டு. முதல் சில வாரங்கள் திரவ உணவு, பிறகு மசித்த உணவு, அதன் பிறகுதான் சாதம். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றை விடாமல் எடுக்க வேண்டும். ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனை வேண்டும். பெண்கள் 12 முதல் 18 மாதம் கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். புகை கூடவே கூடாது. மது சட்டென்று ஏறும். ஒன்றிரண்டு ஆண்டுகளில் மொத்த எடையில் கால் பங்கோ அதற்குச் சற்று மேலோ குறையலாம். தவணை தவறினால் எடை திரும்பும். சத்துக்குறைவும் சேர்ந்து வரும்.

ஆபத்தே இல்லையா என்றால், உண்டு. அனுபவமுள்ள இடங்களில் உயிரிழப்பு ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில்தான். இருந்தாலும் தையல் கசிவு, ரத்தப்போக்கு, கால் ரத்தக்கட்டு வரலாம். 2024-ல் சென்னைப் புறநகரில் இந்தச் சிகிச்சைக்குப் போன ஓர் இளைஞர் இறந்ததையும், அரசு விசாரணை நடத்தியதையும் செய்தியில் படித்திருப்பீர்கள். பேக்கேஜ் விலையை மட்டும் பார்க்காதீர்கள். இந்த நான்கையும் கேளுங்கள்: இந்த அறுவை சிகிச்சையை இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? இதே கட்டடத்தில் முழு வசதியுள்ள ஐ.சி.யூ. இருக்கிறதா? மயக்க மருத்துவர் முன்கூட்டியே பரிசோதிப்பாரா? நள்ளிரவில் வயிறு வலித்தால் யாரைக் கூப்பிடுவது? பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

கடைசியாக, சிகிச்சை செய்துகொள்ளாத நம் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். நம் அசோசியேஷன் விருந்தில் யாராவது அரை இட்லியோடு எழுந்தால், "என்ன, சாப்பாடு பிடிக்கலையா?" என்று இன்னொன்றை வைக்காதீர்கள். அவர் இலையில் என்ன இருக்க வேண்டும் என்பதை அவரும் அவருடைய மருத்துவரும் பார்த்துக்கொள்வார்கள். லிஃப்டில் எடையைப் பற்றிக் கிண்டலும் வேண்டாம். அந்த மூவரும் என்னிடம் குரலைத் தாழ்த்தியது இன்சூரன்ஸுக்குப் பயந்து இல்லை, நம் பேச்சுக்குப் பயந்துதான்.

பாலிசியைப் படித்துப் பார்க்க வேண்டுமென்றால் எடுத்துக்கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.