தடைப்படும் ரோடும் தலைவிதியும்
(முண்டியம்பாக்கம் கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் ரோட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். ரோட்டுக்கும் பகுத்தறிவுக்கும் என்ன சம்பந்தமென்று சிலர் கேட்கலாம். ஒரு காரியம் ஏன் நடக்கவில்லை என்று காரணம் கேளாமல், "நம் ஊர் தலையெழுத்து" என்று சொல்லி உட்கார்ந்துவிடுகிற புத்தி இருக்கிறதே, அது கோயில் வாசலிலும் ஒன்றுதான். தாலுகா ஆபீஸ் வாசலிலும் ஒன்றுதான்.

பக்கத்து விக்கிரவாண்டியைப் பாருங்கள். அங்கிருந்து பண்ருட்டி, கும்பகோணம் வழியாய்த் தஞ்சாவூருக்குச் சுமார் 165 கிலோமீட்டர் ரோட்டை நான்கு வழியாக்க, மூன்று பாகமாகப் பிரித்து 2018 வாக்கில் வேலை தொடங்கினார்கள். நடுப்பாகமான சேத்தியாத்தோப்பு - சோழபுரம் 50 கிலோமீட்டர் திறக்கப்பட்டது 2025 ஜூலை 26-ல்தான். திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாய்த் திருவண்ணாமலைக்குச் சுமார் 70 கிலோமீட்டர் ரயில் பாதை 2006-07 பட்ஜெட்டில் மஞ்சூரானது. அந்த வருஷம் செஞ்சியில் பிறந்த பிள்ளை ஓட்டுப் போடும் வயதுக்கு வந்துவிட்டது. ரயில் வரவில்லை.

இதனால் யாருக்கு நஷ்டம்? வெட்டின கரும்பு வழியில் நின்றால் காய்கிறது. காய்ந்தால் எடை குறைகிறது. எடை குறைந்தால் ஆலையில் பணம் குறைகிறது. பாதி வெட்டிப்போட்ட ரோட்டில் இரவில் விழுகிறவனை இதே முண்டியம்பாக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கி வருகிறார்கள். இதுவா தலையெழுத்து?

1964 டிசம்பர் புயலில் பாம்பன் ரயில் பாலம் உடைந்தது. சரிப்படுத்த ஆறு மாதம் என்று ரயில்வே கணக்குப் போட்டது. பொறுப்பு ஸ்ரீதரன் என்ற இளம் எஞ்சினியரிடம் கொடுக்கப்பட்டது. 46 நாளில் பாலம் எழுந்தது! கடலும் அதே கடல். இரும்பும் அதே இரும்பு. அந்த இடத்திலேயே நின்று முடிவு செய்ய ஒருவருக்குப் பொறுப்பும் அதிகாரமும் இருந்தன. பின்னால் அவரே தலைமை ஏற்ற கொங்கண் ரயில்வேக்கு 1990-ல் தனிக் கார்ப்பரேஷன் அமைத்தார்கள். மலையைக் குடைந்து 740 கிலோமீட்டருக்குமேல் போட்டு 1998-ல் முழுவதும் ஓட விட்டார்கள்.

நம் பக்கத்தில் என்ன நடக்கிறது? நிலத்துக்கு ரெவின்யூ இலாகா. மின்கம்பத்துக்கு மின்சார வாரியம். தண்டவாளத்துக்கு மேல் பாலமென்றால் ரயில்வே. கிராவல் மண்ணுக்குக் கனிம இலாகா. ஒருவர் கையெழுத்துக்கு இன்னொருவர் காத்திருப்பார். இருவருக்கும் நடுவில் புரோக்கர் நிற்பார். சாமிக்கும் மனுஷனுக்கும் நடுவில் தட்டேந்தி நிற்கிறவர் போலத்தான் இவரும். கட்டு நகராவிட்டால் இவருக்கு வரும்படி!

நிலம் எடுக்கும் அறிவிப்புகள் முன்பெல்லாம் காகிதமாய் டில்லிக்கும் ஜில்லாவுக்கும் நடையாய் நடந்தன. 2018-ல் 'பூமி ராசி' என்று கம்ப்யூட்டர் வழியாக்கினார்கள். மாதக்கணக்கில் நடந்த காகிதம் வாரக்கணக்கில் முடிகிறதென்று சர்க்காரே சொல்லிற்று. அப்படியானால் அத்தனை வருஷம் கழிந்த மாதங்கள் யாருக்காகக் கழிந்தன?

ஆனால் தோழர்களே, ஒன்றைக் கவனிக்க வேண்டும். "சீக்கிரம், சீக்கிரம்" என்று சொல்லி, ஏழையின் வாயை மூடுவதையும் காகிதக் குறைப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். அதை நாம் ஒப்ப மாட்டோம். 1956-ம் வருஷ தேசிய நெடுஞ்சாலைச் சட்டப்படி, நிலம் எடுக்க அறிவித்தால் ஆட்சேபம் சொல்ல உங்களுக்கு 21 நாள் உண்டு. அறிவித்து ஒரு வருஷத்துக்குள் அடுத்த விளம்பரம் செய்யாவிட்டால் அறிவிப்பே செத்துப்போகும். அந்த 21 நாளா ரோட்டைத் தடுக்கிறது? சேலம் - சென்னை எட்டு வழிச் சாலையைப் பாருங்கள். குடியானவர்கள் மனம் ஒப்பாமலே கிளம்பினார்கள். 2019-ல் சென்னை ஹைகோர்ட் நில எடுப்பை ரத்து செய்தது. 2020-ல் சுப்ரீம் கோர்ட் அறிவிப்பு செல்லுமென்றது. கேட்க மறுத்த நாட்களை வருஷங்களாய்க் கோர்ட்டில் திருப்பிக் கொடுத்தார்கள்.

ஆகவே குறைக்க வேண்டியது குடியானவன் பேச்சையல்ல; மேஜைகளின் எண்ணிக்கையை. எல்லா இலாகாவும் ஒரே நாளில் ஒரே மேஜையில் உட்காரட்டும். ஒவ்வொரு அனுமதிக்கும் நாள் குறிக்கட்டும். மறுத்தால் காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போடட்டும். நிலத்துக்குப் பணம் கொடுத்த பிறகு மண்வெட்டி இறங்கட்டும். பூமி பூஜைக்கு நல்ல நேரம் பார்க்கிறவர்கள், முடிக்கிற நாளையும் பார்த்துச் சொல்லட்டும்!

நீங்கள் சும்மா இருக்கலாகாது. 2005-ம் வருஷத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாயும் ஒரு காகிதமும் போதும். "எங்கள் ரோட்டுக் கட்டு யார் மேஜையில், எந்தத் தேதியிலிருந்து கிடக்கிறது?" என்று எழுதிக் கேளுங்கள். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். ஊருக்கு ஒருவர் கேட்டால் அலட்சியம் செய்யலாம். ஊரே கேட்டால் முடியாது.

விதி எழுதின மேஜையை யாரும் கண்டதில்லை. கட்டு தூங்குகிற மேஜைக்கு நம்பர் உண்டு. அந்த நம்பரைக் கேட்கத் துணியுங்கள் என்று சொல்லி இதை முடித்துக்கொள்கிறோம்.