எச்சரிக்கும் கருவியும் எச்சரிக்கை உள்ள மனமும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே நம் வழக்கம். இன்று நான் சாலையைப் பற்றிப் பேச உங்கள் இசைவை வேண்டுகின்றேன். இங்கே அமர்ந்திருக்கும் குடும்பங்கள் பலவற்றின் பிள்ளைகள் பெங்களூரில் பணி புரிகின்றார்கள். வெள்ளிக்கிழமை மாலையில் அவர்கள் அங்கிருந்து காரில் புறப்படுகின்றார்கள். மைசூரில் தாய் சோற்றை வடித்து வைத்துவிட்டு வாயிலைப் பார்த்துக்கொண்டிருக்கின்றாள். அந்த இரண்டுக்கும் இடையில் கிடக்கும் சாலையே என் பேச்சின் பொருள்.

அந்தப் பெருஞ்சாலை 2023ஆம் ஆண்டு மார்ச்சு 12ஆம் நாள் பிரதமரால் திறந்துவைக்கப்பட்டது. ஏறத்தாழ 118 கிலோமீட்டர் நீளம். பிடதி, இராமநகரம், சென்னபட்டணா, மத்தூர், மண்டியா, ஸ்ரீரங்கப்பட்டணம் ஆகிய ஊர்களின் நெரிசலில் புகாமல் புறவழியாகச் செல்வது. மூன்று மணி நேரப் பயணம் ஒன்றரை மணியாகச் சுருங்கிற்று. நாம் மகிழ்ந்தோம். ஆனால் அந்த முதல் ஆண்டிலேயே நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களை அச்சாலையில் இழந்தோம். அவ்வாண்டு ஆகஸ்டு 1 முதல் இரு சக்கர வண்டிகளும் ஆட்டோக்களும் டிராக்டர்களும் முதன்மைப் பாதையில் செல்லத் தடை வந்தது. கார்களின் வேகத்திற்கு மணிக்கு 100 கிலோமீட்டர் என்று எல்லை வகுத்தார்கள். காவலர்கள் லேசர் துப்பாக்கியால் வேகத்தை அளந்தார்கள். 2024இல் வண்டியின் எண் பலகையைப் படிக்கும் கேமராக்களும் வந்து சேர்ந்தன.

சில மாதங்களுக்கு முன் அண்டை வீட்டுப் பிள்ளை ஒருவனுடன் அச்சாலையில் வந்தேன். நல்ல பிள்ளை, பெரியோரிடம் மரியாதை உள்ளவன். அவனுடைய கைப்பேசி, “முன்னே வேகக் கேமரா இருக்கிறது” என்று இனிய குரலில் அறிவித்தது. உடனே வண்டியின் வேகம் நூற்றுக்கு இறங்கிற்று. கேமராவைக் கடந்ததும் மீண்டும் நூற்று முப்பதைத் தாண்டிற்று. மத்தூரைக் கடந்து சிறிது தொலைவில், பின்விளக்கு இல்லாத லாரி ஒன்று பாதையின் இடப்புறம் இருளில் நின்றிருந்தது. கைப்பேசி ஒன்றும் கூறவில்லை. சக்கரங்கள் கதறத் தடை போட்டான். இரண்டு முழ இடைவெளியில் பிழைத்தோம். நெஞ்சின் படபடப்பு அடங்கிய பின், “தம்பி, இது ஏன் வாய் திறக்கவில்லை?” என்று கேட்டேன். “இது கேமராவைத்தானே சொல்லும், மாமா, லாரியைச் சொல்லாதே!” என்றான்.

அவன் கூறிய அந்த மறுமொழியே என்னைச் சிந்திக்க வைத்தது.

மேல்நாடுகளில் இக்கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு. நிலையத்தை நெருங்கும் இரயிலின் ஊதல் கூர்மையாக ஒலித்து, நம்மைக் கடந்ததும் தாழ்ந்து ஒலிப்பதை அனைவரும் கேட்டிருப்பீர்கள். அதன் காரணத்தை 1842இல் விளக்கியவர் ஆஸ்திரிய நாட்டு அறிஞர் கிறிஸ்டியன் டாப்ளர். அதே விதியைக் கொண்டுதான் காவலர்கள் வானொலி அலையை வண்டியின் மேல் எய்து, திரும்பி வரும் அலையின் மாறுதலிலிருந்து வேகத்தை அளக்கின்றார்கள். இதுவே வேக ரேடார். அந்த அலையை முன்னதாகவே மோப்பம் பிடித்து, ‘காவலர் இருக்கிறார்’ என்று ஓட்டுநருக்குக் கூறும் சிறு பெட்டிகளை வணிகர்கள் விற்றார்கள். அமெரிக்காவில் அவை மிகப் பரவின.

1990களில் அங்கே ஒரு நல்ல எண்ணம் தோன்றிற்று. காவலரைக் காட்டிக்கொடுக்கும் பெட்டியே ஆபத்தையும் அறிவித்தால் என்ன? ஜார்ஜியா தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் அதற்கு ஒரு முறை வகுத்தார்கள். சாலைப் பணி நடக்கும் இடத்திலும், ஆம்புலன்சு போன்ற வண்டிகளிலும் அலைபரப்பியை வைத்தால், அப்பெட்டியில் அறுபதுக்கு மேற்பட்ட செய்திகளுள் உரியது தோன்றும். திட்டம் அழகியது. ஆயினும் பரப்பும் கருவிகளைச் சாலைகளில் வைத்தவர்கள் மிகச் சிலரே. கேட்கும் செவிகள் இருந்தன. பேசும் வாய்கள் இல்லை. அதுவுமன்றி, கடைகளின் தானியங்கிக் கதவுகளும், பக்கத்து வண்டியை உணரப் புதிய கார்களில் பொருத்திய கருவிகளும் அதே அலைவரிசையை ஒட்டி இயங்கின. பெட்டி அடிக்கடி வீணே கூவிற்று. ‘புலி வருகிறது’ என்று பொய்யாகக் கூவிய சிறுவனின் கதை நமக்குத் தெரியும். பலமுறை ஏமாந்த காது உண்மையான எச்சரிக்கையையும் கேளாது விடும்.

ஆகவே அந்தப் பாதுகாப்பு வசதிக்காக ஒருவர் பணம் செலவிடலாமா என்று கேட்டால், வேண்டா என்பதே என் விடை. நம் சாலையில் அதற்குப் பயன் இன்னும் குறைவு. லேசர் ஒளி ஒரு வண்டியின் மேல் மட்டும் குறுகி விழுவது. பெட்டி அதை உணரும் நேரத்தில் வேகம் அளந்தாகிவிடும்.

பிரான்சு நாட்டார் 2012இல் வேறு வழி கண்டார்கள். கேமரா நிற்கும் இடத்தைச் சுட்டும் கருவிகளைத் தடுத்தார்கள். ‘ஆபத்தான பகுதி’ என்று நீண்ட ஒரு பகுதியை அறிவிப்பதை மட்டும் ஒப்பினார்கள். அதன் கருத்தை எண்ணிப் பாருங்கள். ஒரு புள்ளியைச் சொன்னால் ஓட்டுநர் அந்தப் புள்ளியில் மட்டும் அடங்குவார். ஒரு பகுதியைச் சொன்னால் அப்பகுதி முழுதும் அடங்கக் கூடும்.

நம் நாட்டிலும் நல்ல முயற்சிகள் உள்ளன. 2021 டிசம்பரில் நடுவண் போக்குவரத்து அமைச்சகம், சென்னை ஐ.ஐ.டி., மேப்மைஇந்தியா ஆகிய மூன்றும் கூடி, விபத்து மிகுந்த இடத்தையும் கூரிய வளைவையும் வேகத்தடையையும் முன்கூட்டிக் கூறும் வழிகாட்டிச் செயலி ஒன்றை வெளியிட்டன. இது ஆபத்தைச் சொல்லும் எச்சரிக்கை, வரவேற்கத் தக்கது. மேலும், 2019 சூலை முதல் நாட்டில் புதிதாகச் செய்யப்படும் கார்களில் வேக எச்சரிக்கை ஒலி கட்டாயமாக உள்ளது. 80 கிலோமீட்டரைத் தாண்டினால் விட்டு விட்டு ஒலிக்கும். 120ஐத் தாண்டினால் இடைவிடாது ஒலிக்கும். அதற்குத் தனியே விலை இல்லை, பொய்யும் சொல்லாது. அந்தோ, இந்த ஒலி காதைத் துளைக்கின்றது என்று மெக்கானிக்கிடம் சொல்லி அதை அறுத்துவிடுவோர் உள்ளனர். கேமராவைச் சொல்லும் குரல் இனிக்கின்றது. நம் வேகத்தைச் சொல்லும் குரல் கசக்கின்றது!

கணக்கு ஒன்று கூறுகின்றேன். 100 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர் ஓடுகின்றது. ஆபத்தைக் கண்டு கால் தடையை மிதிக்க ஒன்றரை நொடி ஆகுமென்றால், அதற்குள் 42 மீட்டர் போய்விடும். அதன்பின் வண்டி நிற்க, உலர்ந்த நல்ல சாலையிலும் 55 மீட்டர் வேண்டும். ஆகக் கூடி நூறு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. 140 கிலோமீட்டரில் இதே கணக்கு 165 மீட்டரை எட்டும்; மோதலின் ஆற்றலோ ஏறக்குறைய இருமடங்கு. வண்டியின் விளக்கொளி அவ்வளவு தொலைவு எட்டுமா? எட்டாத இடத்தில் நிற்கும் லாரிக்கு எந்தப் பெட்டி எச்சரிக்கும்?

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டவர் 1,68,491 பேர் என்று அரசின் அறிக்கை கூறுகின்றது. அவர்களுள் பத்தில் ஏழு பேர் மிகு வேகத்தால் நேர்ந்த விபத்துகளில் மடிந்தவர்கள். அவர்களுக்கும் சோறு வடித்து வைத்த வீடுகள் இருந்தன.

இளைஞர்களே! கருவிகளை வெறுக்கும்படி நான் கூறவில்லை. ஆபத்தைச் சொல்லும் கருவியை நம்புங்கள்; காவலரைச் சொல்லும் கருவி காப்பது உங்கள் பணப்பையை மட்டுமே என்பதை உணருங்கள். காரில் உள்ள ஒலியை அறுக்காதீர்கள். கேமராவுக்குப் பின்னும் நூற்றைத் தாண்டாதீர்கள். பெற்றோர்களே! “எங்கே வந்துகொண்டிருக்கிறாய்?” என்று ஓட்டும் பிள்ளையைக் கைப்பேசியில் அழைத்து அவசரப்படுத்தாதீர்கள். அரை மணி தாமதமானால் சோறு ஆறும், மீண்டும் சூடாக்கிக்கொள்ளலாம்.