ரெண்டு ஊர் பேரைத் தட்டிப் பாருங்க!



தம்பி ஒரு போடு போட்டுட்டுப் போனாரு. "மென்பொருளை ஒரு தடவை எழுதிட்டாப் போதும். கம்ப்யூட்டர், போன், டேப்லெட் எதுல போட்டாலும் ஒரே மாதிரி ஓடும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை ராஜபாளையத்துல வச்சுத் தின்னா ருசி மாறிடுமா?"ன்னு கேட்டாரு. நீங்களும் கை தட்டினீங்க. பால்கோவான்னா யாருதான் தட்ட மாட்டாங்க! (சிரிப்பு)

தம்பி, பால்கோவாவைக் கிண்டி முடிச்சு, டப்பாவுல அடைச்சுக் கொண்டு வர்றோம். மென்பொருள் அப்படி வர்றதில்லை. அது செய்முறைச் சீட்டு மாதிரி வருது. அடுப்பு உங்க வீட்டு அடுப்பு, சட்டி உங்க வீட்டுச் சட்டி, பால் உங்க தெருப் பால். சீட்டு ஒண்ணுங்கிறதுக்காக எல்லா வீட்டுலயும் ஸ்ரீவில்லிபுத்தூர் ருசி வந்துடுமா?

1995-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பெனி ஜாவாவை வெளியிட்டப்ப, ஒரு தடவை எழுதுங்க, எங்க வேணும்னாலும் ஓட்டுங்கன்னுதான் சொன்னாங்க. அதை வச்சு வேலை பார்த்தவங்க அந்த வாக்கியத்தையே திருப்பிப் போட்டாங்க. ஒரு தடவை எழுது, ஒவ்வொரு இடத்துலயும் பிழை திருத்து! நான் சொல்லலீங்க, அந்தத் தொழில்ல இருக்கிறவங்களே சொன்ன கேலி.

கணக்கு ஒரே மாதிரி வரும், ஒத்துக்கிறேன். நூறு ரூபாய் அனுப்பினா எந்தப் போன்ல அனுப்பினாலும் நூறு ரூபாய்தான். ஆனா எழுத்து? அதுவும் நம்ம எழுத்து? வெளியூர் உதாரணமே வேண்டாம் ஐயா. இங்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள்ள இருக்கிற ரெண்டு ஊர் பேரை மட்டும் எடுத்துக்கிறேன்.

முதல்ல ராஜபாளையம். இதுல 'ளை' இருக்கு பாருங்க, அங்கதான் கண்டம். நாம எழுதும்போது ஐகாரக் கொம்பை முதல்ல போட்டு, பிறகு 'ள' எழுதுறோம். யூனிகோடு முறையில கம்ப்யூட்டருக்குள்ள முதல்ல 'ள', அப்புறம்தான் கொம்பு. திரையில காட்டும்போது கொம்பைத் தூக்கி முன்னால வைக்கணும். இந்த வேலையைப் பல மென்பொருள்கள் தாங்களே செய்யறதில்லை. "நீ பாத்துக்கப்பா"ன்னு கருவிகிட்ட விட்டுடுது. கருவிக்குத் தமிழ் தெரிஞ்சிருந்தா ராஜபாளையம். தெரியலைன்னா கொம்பு 'ள'வைத் தாண்டி 'ய'வுக்கு முன்னால போய் நிக்கும். 'ராஜபாளயைம்'! (பலத்த சிரிப்பு) படத்துல எழுத்துப் போடுற மென்பொருள், விளையாட்டு தயாரிக்கிற மென்பொருள், இதுல சிலதுல இந்தக் கூத்து இன்னிக்கும் நடக்குது. ஆண்ட்ராய்டு போன் வந்த புதுசுல தமிழே கட்டம் கட்டமாத்தான் தெரிஞ்சுது. இங்கே இருக்கிற பல பேரு பாத்திருப்பீங்க.

அதுக்கு முந்தின கதை இன்னும் மோசம். ஆளுக்கொரு எழுத்துரு வச்சிருந்த காலம். இங்கே டைப் அடிச்சு பிளாப்பியில போட்டு, சிவகாசி அச்சாபீசுக்குக் கொண்டு போனா, கல்யாணப் பத்திரிகை ஏதோ மந்திரவாதி சீட்டு மாதிரி நிக்கும். மாப்பிள்ளை பேரே தெரியாது! இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1999-ல் சென்னையில தமிழ்நெட் மாநாடு கூடி டாம், டாப்-னு குறியீடு வகுத்தாங்க. 2010-ல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏத்துக்கிட்டு ஆணை போட்டுது. அப்படியும் பழைய எழுத்துருவை விடாத அச்சகங்கள் இன்னும் இருக்கு.

இப்ப ஸ்ரீவில்லிபுத்தூர். ஆண்டாள் பிறந்த ஊரு. அந்த ஊர் பேர்ல முதல் எழுத்தே வில்லங்கம்! 'ஸ்ரீ'யைக் கம்ப்யூட்டர்ல ரெண்டு விதமாச் செய்யலாம். 'ஸ'வை வச்சு ஒண்ணு, 'ஶ'வை வச்சு ஒண்ணு. இந்த 'ஶ' 2005-ல்தான் யூனிகோடுல சேர்ந்துது. அதுக்கு முன்னால எல்லாரும் 'ஸ'வை வச்சே 'ஸ்ரீ' போட்டாங்க. இப்ப ஒரு விசைப்பலகை அதைப் போடுது, இன்னொண்ணு இதைப் போடுது. பல எழுத்துருக்கள்ல கண்ணுக்கு ரெண்டும் ஒரே உருவம். கம்ப்யூட்டருக்கு ரெண்டும் வேற வேற ஆளு!

இதுல சிரிக்க ஒண்ணுமில்லீங்க. ஸ்ரீதேவின்னு ஒரு பாட்டி. ஓய்வூதியப் பட்டியல்ல அவங்க பேரை ஒரு 'ஸ்ரீ' போட்டு ஏத்தியிருக்காங்கன்னு வச்சுக்குங்க. இன்னொரு ஆபீஸ்ல, இன்னொரு விசைப்பலகையில, இன்னொரு 'ஸ்ரீ' போட்டுத் தேடுறாங்க. "அப்படி ஒரு பேரே இல்லையே பாட்டி"ம்பாங்க. திரையில பாட்டியும் பார்க்கிறாங்க, ஊழியரும் பார்க்கிறாரு. எழுத்துப் பிழை எங்கேயும் இல்லை. பாட்டி யார்கிட்டப் போய் முறையிடுவாங்க? மென்பொருளைக் குத்தம் சொல்லவும் வழியில்லை. ரெண்டு இடத்துலயும் அதே மென்பொருள்தானே ஓடுது!

"சரி பண்ணிடலாமே"ன்னு தம்பி தலையை ஆட்டுறாரு. பண்ணலாம் தம்பி. ரெண்டு 'ஸ்ரீ'யையும் ஒண்ணுன்னு எடுத்துக்கோன்னு யாராவது தனியாச் சொல்லிக் கொடுத்தா அது கேட்டுக்கும். அதுக்கு அந்த யாரோ ஒருத்தருக்குத் தமிழ்ல இப்படி ஒரு சங்கடம் இருக்குன்னு தெரிஞ்சிருக்கணும். ஆங்கிலத்துல மட்டும் ஓட்டிப் பாத்துட்டு "எல்லாக் கருவியிலும் ஒரே மாதிரி"ன்னு அட்டையில அச்சடிச்சா எப்படி? ஒவ்வொரு கருவியிலயும், நம்ம எழுத்துல, உட்கார்ந்து ஓட்டிப் பாத்தாங்களா? இதைத்தான் எங்க அணி கேட்குது.

நடுவர் ஐயா, தீர்ப்பு சொல்றதுக்கு முன்னால ஒரு சின்ன வேலை. அரங்கத்துல இருக்கிறவங்ககிட்ட நாலு போனை வாங்கி, நாலுலயும் ஸ்ரீவில்லிபுத்தூர்னு தட்டச் சொல்லுங்க. அந்த நாலையும் ஒரே போனுக்கு அனுப்பி, அதுல தேடச் சொல்லுங்க. எத்தனை அகப்படுதுன்னு எண்ணிப் பாத்துட்டு அப்புறம் தீர்ப்பைச் சொல்லுங்க.