மாப்பிள்ளைக்குப் பின்னால் ஒரு புளியமரம்



ஊரின் பழைய முகத்தைக் காத்துத் தருவது பெரியவர்கள் சொல்லும் கதைதான், புகைப்படம் அல்ல என்று எதிரணித் தம்பி முழங்கிவிட்டுப் போயிருக்கிறார். தம்பி, எங்க வீட்டுக் கதையைக் கேளுங்க.

திருநெல்வேலி - தென்காசி ரோட்டை நாலுவழிச் சாலையாக்கினாங்க. ஓரத்து மரமெல்லாம் போச்சு. எங்க ஊர்ல பஸ்சுக்கு நிக்கிற புளியமரமும் போச்சு. ஒருநாள் வீட்ல பேச்சு வருது, அது எந்தப் பக்கம் நின்னுதுன்னு. ஆச்சி டீக்கடைப் பக்கம்ங்கிறாங்க. மாமா பள்ளிக்கூடத்துப் பக்கம்ங்கிறார். ரெண்டு பேரும் அறுபது வருஷம் அதே மரத்தடியில நின்னவங்க! (சிரிப்பு)

கடைசியில அத்தை கல்யாண ஆல்பத்தை எடுத்தோம். மாப்பிள்ளை கார்ல இருந்து இறங்குறார். அவர் தலைக்குப் பின்னால பள்ளிக்கூடச் சுவர், சுவரை ஒட்டி மரம், மரத்தடியில மோர்ப்பானை. ஆச்சி தோத்துட்டாங்க. (கைதட்டல்)

ஆனா, படக்காரர் மரத்தையா எடுத்தார்? மாப்பிள்ளையை எடுத்தார், மரம் தப்பி விழுந்தது. நம்ம வழக்கமே அதுதானே? குற்றாலத்தைப் பக்கத்துல வச்சுக்கிட்டு, ஸ்டூடியோவுல திரையில வரைஞ்ச அருவிக்கு முன்னால நின்னவங்க நாம!

1856-ல் சென்னை மாகாண அரசு, லின்னேயஸ் ட்ரைப் என்ற பட்டாளத்துக் கேப்டனைப் புகைப்படக்காரராக நியமித்தது. மெழுகு தடவின காகிதத்துல நெகட்டிவ். 1858-ல் மதுரையில் கோயிலை எடுத்தார், மகாலை எடுத்தார், அதோடு வைகையையும் அதன் தரைப்பாலத்தையும் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒட்டினார்; நீளம் சுமார் 19 அடி! நம்ம மேல பாசத்துலயா? இல்லை, சர்க்கார் உத்தியோகம். கவர்னர் ட்ரெவெல்யான் வந்து, இது ஆடம்பரம்னு நிறுத்தச் சொல்லிட்டார். அதுக்குள்ள எடுத்தது தப்பிச்சுது. இன்னிக்கு வைகையைப் பார்க்கிற பிள்ளைக்கு அன்றைய வைகையைக் காட்ட அந்தப் படம் இருக்கு.

செங்கோட்டைக் கணவாய்க் காத்துக்கு இப்போ எங்க பார்த்தாலும் காத்தாடி நிக்குது. அதுக்கு முன்னால அந்தக் காடு எப்படி இருந்துச்சு? உங்க வீட்ல ஒரு படம் இருக்கா?

ஒண்ணு ஒத்துக்கிறேன். மோர்ப்பானை படத்துல இருக்கு. மோர் வித்தது யாருன்னு ஆச்சிதான் சொன்னாங்க. அந்த ஒரு மார்க்கை எதிரணிக்குக் குடுத்துடுங்க.

மணி அடிச்சாச்சு. நாளைக்குக் காலையில அந்தப் பள்ளிக்கூட வாசலை எடுக்கப் போறேன். மாப்பிள்ளை யாரும் குறுக்கே வராதீங்க! (கைதட்டல்)