பானெட் மூடலைன்னா அழுத்தாதீங்க

இன்னைக்கு எபிசோட் நான் பண்ணின ஒரு தப்பைப் பத்தி. வண்டியில வெளிய பார்ட் வாங்கி மாட்டுற ஆசை இருக்கிறவங்க முழுசா கேளுங்க.

வீட்ல ஒரு பழைய ஹேட்ச்பேக் இருக்கு. அப்பா வாங்கினது, இப்போ ரெண்டு பேரும் ஓட்டுறோம். அதுக்கு நான் ஒரு ஸ்ட்ரட் பார் வாங்கி மாட்டினேன். முன் சஸ்பென்ஷன் ரெண்டு பக்கமும் பாடியில வந்து சேர்ற இடத்தை ஸ்ட்ரட் டவர்னு சொல்வாங்க. அந்த ரெண்டையும் இன்ஜினுக்கு மேல குறுக்கா இணைக்கிற கம்பிதான் ஸ்ட்ரட் பார். வளைவுல திரும்பும்போது பாடி நெளியறது கொஞ்சம் குறையும்.

மாட்டி முடிச்சு பானெட்டை இறக்கினேன். மூடலை. ரெண்டு கையையும் வச்சு ஒரு அழுத்து அழுத்தினேன், "டக்"னு சத்தம் வந்துச்சு. சரி, மூடிடுச்சுன்னு நினைச்சு போயிட்டேன். அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லலை.

சில வாரம் கழிச்சு அப்பா செங்கல்பட்டுல இருந்து ஜி.எஸ்.டி ரோட்ல வந்துட்டு இருந்தார். போன் வந்துச்சு. "தம்பி, பானெட் மேல தூக்கிக்கிட்டு ஆடுதுப்பா. ஓரமா நிறுத்திட்டேன்." அவ்வளவுதான் சொன்னார். எனக்குக் கை நடுங்கிடுச்சு.

என்ன நடந்துச்சுன்னா, பானெட்டுக்கு ரெண்டு பிடிப்பு உண்டு. ஒண்ணு மெயின் லாக். இன்னொண்ணு, நாம விரலை உள்ள விட்டுத் தள்ளி விடுவோமே, அந்த சேஃப்டி கொக்கி. அடியில இருந்து ஸ்ட்ரட் பார் முட்டிக்கிட்டு இருந்ததால மெயின் லாக் அரைகுறையாத்தான் பிடிச்சிருக்கு. ரோட்டு அதிர்வுல அது விட்டுடுச்சு. அப்பாவைக் காப்பாத்தினது அந்த சின்னக் கொக்கி. அதுவும் விட்டிருந்தா பானெட் நேரா கண்ணாடியில வந்து அடிச்சிருக்கும், முன்னாடி ரோடே தெரிஞ்சிருக்காது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒழுங்கா அளந்து பார்த்தேன். இதுக்கு ஒரு பழைய வழி இருக்கு. பசங்க விளையாடுற கிளே வாங்கி, உயரமா இருக்கிற இடங்கள்ல சின்னச் சின்ன உருண்டையா வைங்க. மேல பிளாஸ்டிக் ஷீட் ஒண்ணு போடுங்க, பானெட்ல ஒட்டாது. மெதுவா இறக்குங்க. முட்டுற மாதிரி இருந்தா அழுத்தாம அங்கேயே நிறுத்துங்க. திறந்து, நசுங்கின கிளே எவ்வளவு தடிமன்னு அளந்தா அதுதான் அந்த இடத்துல இருக்கிற இடைவெளி. எனக்கு ஓரங்கள்ல 9 மில்லிமீட்டர் வந்துச்சு. நடு பிராக்கெட்ல கிளேயே மிச்சமில்லை.

காரணம் சிரிப்பா இருந்துச்சு. போல்ட்டை நான் கீழ இருந்து மேல சொருகியிருந்தேன். நட்டும் மரையும் மேல நீட்டிக்கிட்டு நின்னுச்சு. இடது வலது பிராக்கெட்டையும் மாத்தி மாட்டியிருந்தேன், அதனால கம்பியே கொஞ்சம் தூக்கலா இருந்துச்சு. ரெண்டையும் சரி பண்ணினதும் நடுவுல 11 மில்லிமீட்டர் கிடைச்சுது. காசு எதுவும் செலவாகலை.

இங்க ஒரு விஷயம். ஸ்ட்ரட் பார் பாடியோட சேர்ந்தது, அது அசையாது. ஆனா ஏர் ஃபில்டர், மேனிஃபோல்ட் மாதிரி இன்ஜின் மேல உட்கார்ற பார்ட் அப்படி இல்லை. இன்ஜின் ரப்பர் மவுன்ட் மேல நிக்குது, ஆக்சிலரேட்டர் கொடுத்தா ஒரு பக்கமா சாயும். அதனால அதுக்கு இன்னும் அதிக இடம் விடணும். உயரமான பேட்டரி மாத்தினாலும் கவனம். பாசிட்டிவ் டெர்மினல் பானெட் தகரத்தைத் தொட்டா ஷார்ட் ஆகி தீப்பிடிக்கலாம்.

மெக்கானிக் அண்ணன் ஒருத்தர், "கீல்ல வாஷர் போட்டு பானெட்டைப் பின்னாடி தூக்கிடலாம், சூடும் வெளிய போகும்"னு சொன்னார். நிறைய பேர் பண்றாங்க. ஆனா ஓடும்போது கண்ணாடிக்கு அடிப்பகுதியில காத்தழுத்தம் அதிகம். அங்க இடைவெளி விட்டா காத்து பெரும்பாலும் உள்ளதான் போகும். 1970 செவ்ரோலெட் ஷெவெல் எஸ்.எஸ் காருல இதையேதான் பயன்படுத்தினாங்க: பானெட்ல கண்ணாடியைப் பார்த்த மாதிரி ஒரு மூடி திறந்து, இன்ஜினுக்குக் காத்து எடுக்கும். போதாததுக்கு, கேபினுக்குக் காத்து எடுக்கிற துவாரமும் அங்கதான் இருக்கும். வண்டி நிக்கும்போது இன்ஜின் புகை உள்ள வர வாய்ப்பு இருக்கு.

பானெட் உள் சட்டத்தை வெட்டுறதும் வேண்டாம். விபத்துல பானெட் எப்படி மடங்கணும்னு தீர்மானிக்கிறது அந்தச் சட்டம். லாக், கீல் பக்கம் கையே வைக்காதீங்க. இன்னொண்ணு, பானெட்டுக்கும் இன்ஜினுக்கும் நடுவுல இருக்கிற காலி இடம் வீண் இல்லை. நடந்து போறவர் தலை பானெட்ல மோதினா, தகரம் அமுங்கி அடியைத் தாங்கிக்க அந்த இடம் வேணும்.

எந்த வழியும் சரி வரலைன்னா பார்ட்டைக் கழட்டிடுங்க. தாழ்வான மாடல் இருக்கான்னு தேடுங்க.

எங்க பானெட்ல உள்ள இருந்து முட்டின இடத்துல ஒரு சின்னப் பரு மாதிரி மேடு இருக்கு. டிங்கரிங் பண்ணலாமான்னு கேட்டேன். "இருக்கட்டும்பா"ன்னு சொல்லிட்டார் அப்பா. இப்பவும் வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடி பானெட் முனையைப் பிடிச்சு ஒரு தடவை மேல இழுத்துப் பார்க்கிறார். நானும் பக்கத்துல நின்னு பார்ப்பேன், ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

நீங்களும் இன்னைக்கு ஒரு தடவை இழுத்துப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.