கழிவு யாருடைய கணக்கில்?

(நீர்வேலியில் வாழைச் செய்கையாளர்களும் கடைத் தொழிலாளர்களும் கூடிய சந்திப்பில் நமது சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை. பேசியபடியே தருகிறோம்.)



தேயிலைத் தோட்டத்து ஆள் ஒருவன் வாழைத்தோட்டத்து ஊருக்கு வந்து சுப்பர்மார்க்கெட்டைப் பற்றிக் கதைக்க என்ன இருக்கிறது என்று உங்களில் சிலர் நினைக்கலாம். பஸ்ஸில் வரும்போது எனக்கும் அதே யோசனைதான். காலையில் இங்கே ஓர் ஐயாவின் தோட்டத்தில் கதலிக் குலை வெட்டிக்கொண்டிருந்தார்கள். நின்று பார்த்தேன். சந்தையில் எப்படி எடுக்கிறார்கள் என்று கேட்டேன். "நூறு கிலோ கொண்டுபோனால் தொண்ணூறுக்குத்தான் தம்பி காசு. மிச்சம் கழிவு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் கோபித்துக்கொண்டார். பிறகு காரணத்தைச் சொன்னேன்.

எங்கள் கொழுந்து மடுவத்திலும் அதே சொல்தான். நிறுக்கும்போது சாக்குக்கு என்று ஒரு கழிவு, இலையில் ஈரம் என்று ஒரு கழிவு. ஒரு நிறுவைக்கு 2 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை, மத்தியானம், பின்நேரம் என்று மூன்று நிறுவை. நாளுக்கு 6 கிலோ. மாதம் 25 நாள் பேர் விழுந்தால் 150 கிலோ. வெயில் எரிக்கும் நாளிலும் இலையில் ஈரம் இருக்கிறது என்பார்கள். அது எந்த ஈரமோ தெரியாது.

அதே சொல் கடைக் கண்ணாடியிலும் தொங்குகிறது. "20 வீதக் கழிவு." சந்தையில் கழிவு என்றால் நமக்கு வயிறு எரிகிறது; கடையில் கழிவு என்றால் பையை எடுத்துக்கொண்டு ஓடுகிறோம். நான் இன்றைக்குக் கதைக்க வந்தது இந்த ஒரு சொல்லைப் பற்றித்தான்.

யாழ்ப்பாணத்தில் "புட்சிற்றி" என்பது இப்போது ஒரு கொம்பனியின் பெயராக மட்டும் இல்லை. கார்கில்ஸோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத சின்னக் கடைக்காரரும் தன் பெயருக்குப் பின்னால் "புட்சிற்றி" என்று போட்டுப் பலகை மாட்டுகிறார். கண்ணாடிக் கதவும் கூடையும் இருந்தால் அது புட்சிற்றி. 2013இல் யாழ் நகரில் கார்கில்ஸ் சதுக்கம் வந்தபோது படமாளிகையும் பொரித்த கோழிக் கடையும் சேர்ந்தே வந்தன. பொருள் வாங்காதவர்களும் பார்த்துவிட்டு வருவோம் என்று போனார்கள். எங்கள் பக்கத்திலும் அப்படித்தான். நகரத்துக்குப் போனால் பிள்ளைகள் முதலில் கேட்பது அந்தக் குளிர்க் கடையைத்தான்.

செய்திகளைப் பாருங்கள். "சதொச பருப்பு விலையைக் குறைத்தது", "சதொச சீனி விலையைக் குறைத்தது" என்பது இப்போது தலைப்புச் செய்தி. தொழிலாளியின் சம்பளம் கூடவில்லை என்பது அதற்குக் கீழே சின்ன எழுத்தில் வருகிறது. சதொச என்ற சிங்களக் குறுக்கத்தில் முதல் எழுத்து "சமூபகார", அதாவது கூட்டுறவு. கூட்டுறவு மொத்த விற்பனை நிலையமாகத் தொடங்கியதுதான் அது. பெயரில் அந்த ஒரு எழுத்து மிச்சமிருக்கிறது.

கார்கில்ஸ் தொடங்கிய வருடம் 1844. வெள்ளைக்காரத் துரைமாருக்குச் சாமான் விற்ற கடை. நுவரெலியாவில் அந்தப் பழைய கட்டடம் இன்னும் நிற்கிறது. கொழும்புக் கோட்டையில் 1906இல் கட்டிய சிவப்புக் கட்டடமும் நிற்கிறது. நாங்கள் 1823ஐ வைத்து 2023இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தோம். ஆகவே அந்தக் கடை எங்களுக்கு 21 வயது இளையது! துரை அங்கே வாங்கினார். எங்கள் பாட்டன் பாட்டிக்கு அரிசி தோட்டத்திலேயே அளக்கப்பட்டது; காசு சம்பளத்தில் கழிக்கப்பட்டது. பாருங்கள், அங்கேயும் கழிவு. மாத முடிவில் கையில் என்ன வரும் என்பது கணக்கப்பிள்ளையின் கொப்பிக்குத்தான் தெரியும்.

அந்தக் கடை 1983இல் கொழும்பில் சுப்பர்மார்க்கெட் ஆனது. 1999இல் ஹங்குராங்கெத்தையில் விவசாயிகளிடம் நேரடியாக மரக்கறி வாங்கத் தொடங்கியது. இதை நான் குறை சொல்ல வரவில்லை. இடையில் நிற்கும் தரகர் போனால் விவசாயிக்கு நல்லதுதான், பயன்பெற்றவர்கள் இருக்கிறார்கள். ஆனால் உலகம் முழுக்கப் பெரிய கடைகள் வாங்கும் முறை ஒன்றுதான். பார்வைக்கு அழகானதை எடுப்பார்கள், வளைந்ததையும் கறுத்ததையும் திருப்பி விடுவார்கள். பத்துப் பேர் வாங்கும் சந்தையில் விலை பிடிக்காவிட்டால் அடுத்தவரிடம் போகலாம். ஒருவரே வாங்கும் இடத்தில் எங்கே போவது? இதை நீர்வேலிக்காரருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்த வழியில் கடைசிவரை போன கடை ஒன்று இருக்கிறது. வோல்மார்ட். உங்களுக்குக் கனடாவில் சொந்தக்காரர் இருப்பார்கள். அவர்கள் அனுப்பும் பெட்டியில் வரும் சொக்கலேட்டிலும் சட்டையிலும் அந்தப் பெயரைப் பார்த்திருப்பீர்கள். 1962இல் அமெரிக்காவில் ஆர்கன்சா மாநிலத்தில் சாம் வோல்ட்டன் என்பவர் ஒரு கடையோடு தொடங்கினார். எல்லாரையும்விட மலிவு, அதுதான் வியாபாரம். இன்று அதில் ஏறத்தாழ 21 லட்சம் பேர் வேலை செய்கிறார்கள்.

2013 நவம்பரில் ஒஹையோ மாநிலத்தில் கன்ரன் என்ற ஊரில் உள்ள வோல்மார்ட் கடையில் ஊழியர் பகுதியில் சில பெட்டிகள் வைக்கப்பட்டன. பண்டிகைக்குச் சாப்பிட வழியில்லாத சக ஊழியருக்கு உணவுப் பொருள் போடுங்கள் என்று எழுதி வைத்திருந்தார்கள். ஊழியர்கள் ஒருவருக்கொருவர் உதவுகிறார்கள் என்று கொம்பனி விளக்கம் சொன்னது. யோசித்துப் பாருங்கள். அரிசி, மா, இறைச்சி என்று கூரை முட்ட அடுக்கி வைத்திருக்கும் கடை; அதற்குள் வேலை செய்பவருக்குச் சாப்பாட்டுப் பெட்டி. தேயிலைத் தொழிற்சாலைக்குப் பக்கத்து லயத்தில் தூள் தேயிலையைக் குடிக்கும் நமக்கு இது புரியும்.

கனடாவில் கியூபெக் மாநிலத்தில் ஜொன்கியேர் என்ற ஊரில், 2004இல் வோல்மார்ட் ஊழியர்கள் தொழிற்சங்கம் அமைத்து அங்கீகாரமும் பெற்றார்கள். 2005 ஏப்ரலில் கடையே மூடப்பட்டது. சுமார் 190 பேருக்கு வேலை போனது. லாபமில்லை என்று கொம்பனி சொன்னது. அந்தத் தொழிலாளர்கள் விடவில்லை. வழக்கு உயர் நீதிமன்றம்வரை போய், 2014இல் அவர்கள் பக்கம் தீர்ப்பு வந்தது. ஒன்பது வருடம். கடை திரும்பத் திறக்கவில்லை. வெற்றி என்று சொல்வதா, தோல்வி என்று சொல்வதா? நான் வெற்றி என்றே சொல்வேன், ஆனால் அந்த ஒன்பது வருடமும் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்பதை மறந்துவிட்டுச் சொல்லமாட்டேன். 2012இல் அமெரிக்காவில் அதே கடை ஊழியர்கள் பல இடங்களில் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். 2015இல் கொம்பனி ஆகக் குறைந்த சம்பளத்தை மணிக்கு 9 டொலராக்கியது.

மலிவுக்குச் சாமான் எங்கிருந்து வருகிறது? 2012 நவம்பரில் பங்களாதேஷில் தஸ்ரீன் ஆடைத் தொழிற்சாலை எரிந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சாம்பலுக்குள் வோல்மார்ட்டில் விற்கும் உடுப்புகளும் கிடந்தன. எங்களைக் கேட்காமல் இடையில் ஒருவர் வேலையை அங்கே கொடுத்துவிட்டார் என்று கொம்பனி சொன்னது. எங்கள் தோட்டத்துப் பெண்பிள்ளைகள் கட்டுநாயக்கவில் தைக்கிறார்கள். அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்த இரவு லயத்தில் எத்தனை தாய்மார் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

இனித் தேயிலைக் கணக்கு. 2019இல் ஒக்ஸ்பாம் அமைப்பு அசாம் தேயிலையைப் பற்றி ஓர் அறிக்கை விட்டது. பிரித்தானியாவில் சுப்பர்மார்க்கெட்டில் 100 கிராம் பைக்கெற் 79 பென்ஸ். அதில் கடைக்கும் தேயிலை விற்கும் கொம்பனிக்கும் 49 பென்ஸ். பறித்த கைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 3 பென்ஸ். இந்த நிலையில் கடை 10 வீதக் கழிவு என்று பலகை போட்டால் அந்த 8 பென்ஸ் யாருடைய பங்கிலிருந்து போகும்? 49இலிருந்து போகும் என்று நம்புகிறவர் கையை உயர்த்துங்கள். ஒருவருமில்லை.

அதற்காகக் கழிவுக் கடைக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் எங்கள் வீட்டுக்காரியே என்னைச் சங்கத்திலிருந்து விலக்கிவிடுவா. 2022 செப்டெம்பரில் கொழும்புக் கணக்குப்படி உணவுப் பொருள் விலை ஒரு வருடத்துக்குள் 94.9 வீதம் ஏறியது. 2021இல் வர்த்தமானியில் வந்த 1000 ரூபா நாட்சம்பளம், 2024 செப்டெம்பரில்தான் 1350 ஆனது. நடுவில் இருந்த காலத்தை எப்படிக் கடந்தோம்? பாணை நாலாக வெட்டினோம். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து மறித்தோம். பத்து ரூபா மலிவு என்றால் இரண்டு கிலோமீற்றர் நடந்தோம். அந்தத் தாயிடம் போய் "மலிவு பாவம்" என்று யார் சொல்ல முடியும்?

ஆனால் ஒரு வேடிக்கை. அந்தக் கழிவு பெரும்பாலும் எங்களுக்குக் கிடைப்பதே இல்லை. கழிவு கைக்காசுக்குத்தான். அட்டை வைத்திருப்பவருக்கு இன்னும் கூட. தோட்டத்தில் மாதம் 10ஆம் திகதி வரும் சம்பளம் 15ஆம் திகதி தீர்ந்துவிடும். மிச்ச நாளுக்குத் தோட்டக் கடையில் கடன் கொப்பி. கொப்பியில் எழுதும் விலை பலகையில் எழுதும் விலையல்ல. அந்தக் கடைக்காரரையும் முழுக்கத் திட்ட மாட்டேன். 2022இல் ஒரு குளிர்க் கடையும் எங்களுக்குக் கடனுக்கு மா தரவில்லை, அவர்தான் தந்தார். நகரத்துக்கு முச்சக்கர வண்டியில் போய்ச் சாமான் வாங்கினால் கழிவில் மிஞ்சியது வண்டிக்காரருக்குப் போகும். ஆக, மலிவுக்காக எங்கள் கூலி வெட்டப்படுகிறது. அந்த மலிவில் வாங்குகிறவர் வேறு ஆள். ஏழைதான் ஆகக் கூடிய விலைக்கு வாங்குகிறான்.

இங்கே ஒரு காலத்தில் இதற்கு வழி கண்டவர்கள் இருந்தார்கள். சங்கக்கடை. 1936இல் மூளாயில் கூட்டுறவாக ஆஸ்பத்திரியே நடத்தத் தொடங்கிய நாடு இது. யுத்த காலத்தில் பொருளாதாரத் தடை இருந்தபோது அரிசியும் மாவும் மண்ணெண்ணெயும் பங்கிட்டது சங்கக்கடைதான். கூப்பன் மட்டையோடு வரிசையில் நின்றவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள். இன்று பல சங்கக்கடைகளில் தட்டு வெறுமையாக இருக்கிறது. முகாமை சரியில்லை, அரசியல் புகுந்தது, எல்லாம் உண்மை. ஆனால் தராசு யாருடைய கையில் என்ற கேள்விக்கு அதைவிட நல்ல பதிலை நான் இன்னும் காணவில்லை. எங்கள் பக்கத்துத் தோட்டக் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் உங்கள் வாழைக்குலைக்கும் நடுவில் ஒரு லொறி ஓட முடியாதா? மலையகத்தில் கல்யாணம், கோயில் திருவிழா என்றால் குலை வேண்டும். இங்கே தேத்தண்ணி இல்லாமல் ஒரு வீடும் விடிவதில்லை. இதை இரண்டு பக்கச் சங்கத்தாரும் உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும். செலவு கட்டாது என்றால் கட்டாது என்று தெரிந்துகொள்வோம்.

கடைசியாகக் கடைகளில் நிற்கும் பிள்ளைகளுக்கு. நீங்கள் லயத்திலிருந்து வந்து இங்கேயும் கொழும்பிலும் நிற்கிறீர்கள். பெரிய கடையோ சின்னக் கடையோ, 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலகச் சட்டம் உங்களுக்கு உண்டு. நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45. அதற்கு மேல் நின்றால் மேலதிகக் கொடுப்பனவு. கிழமைக்கு ஒன்றரை நாள் சம்பளத்தோடு லீவு. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதம் வெட்டினால் முதலாளி 12 வீதம் போட வேண்டும். நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் அவர்தான் போட வேண்டும், உங்களிடம் வெட்டக்கூடாது. "சாப்பாடும் இடமும் தருகிறோம், அதற்குக் கழித்துவிட்டோம்" என்று மாத முடிவில் சொன்னால் எவ்வளவு, எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள். பாட்டிக்கு அரிசிக் காசு கழித்த கொப்பிதான் இது, அட்டை மட்டும் புதிது. சங்கம் பதிய ஏழு பேர் போதும். பயமாக இருந்தால் எங்கள் சங்கத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கள். முதலாளிக்கு உங்கள் பெயர் போகாது.

நான் அதிகம் கதைத்துவிட்டேன். வெளியே போகும் வாசலில் ஒரு மேசையும் இரண்டு கொப்பியும் வைத்திருக்கிறோம். குலை கொடுப்பவர்கள் இந்த மாதம் எத்தனை கிலோ கொண்டுபோனீர்கள், எத்தனை கிலோவுக்குக் காசு வந்தது என்று முதல் கொப்பியில் எழுதுங்கள். கடையில் நிற்பவர்கள் எத்தனை மணிக்கு ஏறினீர்கள், எத்தனை மணிக்கு இறங்கினீர்கள் என்று மற்றதில் எழுதுங்கள், பெயர் வேண்டாம். பக்கத்தில் மூன்றாவதாக ஒரு பழைய கொப்பி கிடக்கும். எங்கள் பெண்கள் மடுவத்தில் ஒரு மாதம் எழுதியது. மழையில் நனைந்து மை பரவியிருக்கிறது, எண்கள் தெரியும். புரட்டிப் பாருங்கள்.