வனஸ்பதியும் தேக ஆரோக்கியமும்

(கிராமவாசிகளுக்கான பிரசங்கம்)



செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயும் கடலையெண்ணெயும், வெண்ணெய் உருக்கிய நெய்யுமே முன்னாளில் தென்னாட்டுக் கிராமங்களில் சமையலுக்கு உதவி வந்தன. 1937-ஆம் வருஷத்தில் டால்டா என்னும் வனஸ்பதி இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. நெய்யைப்போல் உறைந்திருந்தமையாலும், விலை குறைந்து நெடுநாள் கெடாதிருந்தமையாலும், அது ஏழைகளின் நெய்யாயிற்று.

எண்ணெயை இவ்வாறு உறையச் செய்யும் முறைக்கு ஜெர்மானிய ரஸாயன நிபுணரான வில்ஹெல்ம் நார்மன் 1902-ல் உரிமை பெற்றார். சூடேற்றிய எண்ணெயில் நிக்கல் என்னும் உலோகத்தின் தூளைச் சேர்த்து ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தினால் எண்ணெய் கெட்டிப்படும். முற்றிலும் கெட்டியானது மெழுகையொத்துச் சமையலுக்கு உதவாது. ஆகையால் பாதியில் நிறுத்துவது வழக்கமாயிற்று. அந்த அரைகுறைப் பக்குவத்திலேதான் 'டிரான்ஸ்' கொழுப்பு மிகுதியாய் உண்டாகிறது.

இக்கொழுப்பு இரத்தத்தில் தீய கொலஸ்டிராலை உயர்த்தி, நல்ல கொலஸ்டிராலைக் குறைக்கிறதென்று நெதர்லாந்து தேசத்து ஆராய்ச்சியாளர்களான மென்ஸிங்க், காட்டான் இருவரும் 1990-ல் வெளியிட்டனர். இதனால் இருதயத்தின் இரத்தக் குழாய்கள் அடைபட்டு மாரடைப்பு நேரிடும். உழைத்துச் சம்பாதிப்பவன் ஒருவன் இங்ஙனம் மாண்டால் அவன் குடும்பம் முழுவதும் கதியற்றுப்போகும்.

டென்மார்க் தேசம் 2003-ல் இதற்குச் சட்ட வரம்பு விதித்தது. இந்தியாவிலும் 2022 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்பு வகைகளில் இது நூற்றுக்கு 2 பங்குக்கு மேற்படலாகாதென்பது விதி. ஆயினும் அபாயம் முற்றிலும் நீங்கியதென்று எண்ணலாகாது. டிரான்ஸ் குறைந்த வனஸ்பதியிலும் நிறைவுற்ற கொழுப்பு மிகுந்திருக்கக்கூடும். அதுவும் தீய கொலஸ்டிராலை உயர்த்துவதே. அன்றியும், பலகாரக் கடைகளில் ஒரே எண்ணெயைப் பன்முறை காய்ச்சுவதாலும் டிரான்ஸ் கொழுப்பும் வேறு தீய பொருள்களும் உண்டாகின்றன.

ஆகவே கிராமவாசிகள் அனுசரிக்க வேண்டியவை சில உண்டு. வீட்டில் எழுத்தறிந்த பிள்ளைகள் பொட்டலத்தின்மேல் அச்சிட்டதை வாசித்து, டிரான்ஸ் கொழுப்பின் அளவைப் பெரியோருக்குச் சொல்ல வேண்டும். கறுத்து நுரைத்த எண்ணெயில் பொரித்த பண்டங்களை விலக்க வேண்டும். வீட்டில் பொரித்து எஞ்சிய எண்ணெயை வடிகட்டி, இரண்டொரு நாளில் தாளிதத்திற்குச் செலவிடுவதே நலம், மறுபடியும் பொரிக்கலாகாது. பசு நெய்யாயினும் செக்கெண்ணெயாயினும் அளவோடு கொள்வதே தேகத்திற்கு உகந்தது.